இருபத்துமூன்று

வாடிப்பட்டி தாண்டி ஒரு பள்ளிக்கூடம்.
பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பாய் விரித்தோம்.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த முக்கோணம்
பத்து நாளும் அப்படியே இருந்தது.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய அன்று
அப்பா ஆரப்பாளையத்தில் என்னை ஏற்றிவிட்டார்.
"நீச்சல் பழகாம வந்திராத" என்றார்,
வரும்போது அரைக்கிலோ சீனி வாங்கிவா
என்று சொல்லும் குரலில்.

கிணறு பெரிது.
அறுபது அடி என்றான் ஒருவன். நூறு என்றான் இன்னொருவன்.
எண்ணெய்க் கேனை முதுகில் கட்டிக்கொண்டு
ஒவ்வொருவனாகக் குதித்தான்கள்.
செல்லூர் பைசல் இரண்டாம் நாளே
கேனை அவிழ்த்து என்மேல் எறிந்தான்.
ரங்காராமும் தினகரும் கைகோத்து விழுந்து
தண்ணீருக்குள் சௌராஷ்டிரத்தில் திட்டிக்கொண்டார்கள்.

நான் ஏழாவது படி வரை போனேன்.
மறுநாள் ஒன்பது.
அதற்கு மறுநாள் ஐந்து.
கூடாரம் அடித்தேன், எட்டு வகை முடிச்சுப் போட்டேன்,
உப்புமா அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்,
கபடியில் கூடலிங்கத்தின் காலை விடாமல் பிடித்து
மூக்கை உடைத்துக்கொண்டேன்.
கிணற்றில் மட்டும், ஐந்து.

ஆறாம் நாள் லூர்து சார்
விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.
"சும்மா நிக்காத. தலைய எண்ணு."

நனைந்த தலை எல்லாம் ஒரே தலை.
ஒருவனையே இரண்டு முறை எண்ணினேன்.
பிறகு காதுகளைப் பார்த்தேன்.
பிறகு, யார் கண்ணை மூடிக்கொண்டு மேலே வருவான்,
யார் துப்பிக்கொண்டு வருவான்,
சைக்கிள் ஸ்டாண்டு கிழித்த தழும்பு யாருக்கு,
எவன் மூச்சடக்கிப் பயமுறுத்துவான்.
இருபத்துமூன்று. இருபத்துமூன்று.
சாப்பாட்டு வரிசையிலும் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது.

எட்டாம் நாள் இருபத்திரண்டு.

மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு.
விசில் ஊதினேன், சத்தம் வரவில்லை, எச்சில்தான் வந்தது.
"ஒச்சுபாலூ!"
கிணறு அந்தப் பெயரைச் சுற்றிச் சுற்றித் திருப்பித் தந்தது.
"ஒச்சுபாலூ!"
சார் சட்டையோடு குதித்தார். மூன்று முறை முங்கினார்.
"டேய் ஒச்சுபாலூ!"

மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்தான்.
நெல்லிமரத்தடியில், உதட்டில் உப்போடு.
சார் ஓங்கிய கையை அடிக்காமல் இறக்கி,
அங்கேயே மண்ணில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.
பயல்கள் என்னைப் பார்த்துச் சிரித்தான்கள்.
அப்போதுதான் குனிந்து பார்த்தேன்,
இடுப்பு வரை ஈரம்.
எத்தனை படி இறங்கினேன் என்று
நான் எண்ணியிருக்கவில்லை.

ராத்திரி பக்கத்துப் பாயிலிருந்து சொன்னான்:
"ஆஸ்டல்ல எனக்குப் பதினேழுன்னுதான் பேரு.
சாப்பாட்டுக்குப் பதினேழு, சோப்புக்குப் பதினேழு.
லீவுக்கும் அங்கனயேதான் கிடப்பேன்.
இம்புட்டுச் சத்தமா எவனும் கூப்புட்டதில்லடா.
மூணு தடவ கூப்புட்ட.
நாலாவதுக்கு இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது.
போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.
கொசு கடித்தது, அதுவும் அவனால்தான்.

கடைசி நாள் சான்றிதழ்.
'நீச்சல்' என்ற இடத்தில் ஒரு கோடு.
சமயநல்லூரில் மூன்று பேர் இறங்கினார்கள்.
இருபது.
பரவையில் அஞ்சு பேர். பதினைந்து.
பைசல் ஜன்னலில் கைவிட்டு என் தலையில் தட்டிவிட்டுப் போனான்.

ஆரப்பாளையத்தில் அப்பா நின்றிருந்தார்,
வெயிலுக்குத் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு.
"பழகிட்டியா?"

உசிலம்பட்டி பஸ்ஸை நோக்கி
ஒரு சாக்குப்பை நடந்துகொண்டிருந்தது,
அதற்கடியில் இரண்டு கால்கள்.

"ஒச்சுபாலூ!"

கண்டக்டர்கள் திரும்பினார்கள்.
பனங்கிழங்கு விற்கிற அம்மா திரும்பினாள்.
அப்பா என்னையே பார்த்தார்.
அவன் நின்றான்.
திரும்பவில்லை.

ஐந்தாவதுக்கு நிற்கிறான், களவாணி.